உச்சிக்கோடு

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
16 பெப்ரவரி 2025

அன்புள்ள தம்பி பிரகாஷுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. மடுமாதாவின் இரக்கத்தால் நானும் அத்தானும் அம்மாவும் சுகம். சான்டா கிளாராவில் நீயும் கௌசிகாவும் அப்படியே இருக்க வேண்டுமென்று அம்மா செபமாலையில் மகனுக்கும் மருமகளுக்குமாகத் தனியே பத்து மணி உருட்டுகிறார்.

இந்தக் காலத்தில் எவர் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. ஃபோனில் பேசினால் அம்மாவுக்கு ஒன்றும் கேட்பதில்லை. காதுக் கருவியை மேசை லாச்சிக்குள் போட்டு, மேலே செபப் புத்தகத்தையும் வைத்துவிட்டார். கடிதமென்றால் நான் பக்கத்தில் இருந்து காதுக்குள் வாசிப்பேன். பிடித்த இடத்தை நாலு தரம் வாசிக்கச் சொல்வார். நீயும் இப்போது ஃபோன் எடுப்பது குறைவு. எடுத்தால் 'மீட்டிங்' என்று ஒரு சொல் வந்து விழுகிறது. ஆகவே எழுது, பேப்பரில் எழுது. அம்மாவுக்குக் கையில் பிடித்துப் பார்க்கவும் ஒன்று இருக்கும்.

இது வரைக்கும் அம்மாவுக்கு வாசித்தாயிற்று. இனி எழுதுவது உனக்கு மட்டும்.

ஏப்ரலில் எனக்கு ஒரு சின்ன ஒப்பரேஷன். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு கனநாளைக்குப் பாரம் தூக்கக் கூடாதாம். அம்மாவைக் கட்டிலில் இருந்து எழுப்புவதும் குளிக்க வார்ப்பதும் நான்தான் என்று உனக்குத் தெரியும். அத்தான் விடிய ஃப்ரீவேயில் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வருவார். ஒரு ஆறு மாதம் அம்மாவை உன்னிடம் வைத்திருப்பாயா? அத்தான் எங்கள் ஊர் இளவாலையில் சிஸ்டர்மார் நடத்தும் முதியோர் இல்லத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேர் அமெரிக்காவில் இருக்க அம்மாவை அங்கே கொண்டுபோய் விடுவதா? நீ ஓம் என்று சொன்னால் அந்தக் கதை இத்தோடு முடியும்.

கெதியாகப் பதில் போடு.

அன்புடன்,
அக்கா நேசமலர்


சான்டா கிளாரா
9 மார்ச் 2025

என் அன்பான அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். உங்களுக்கும் அத்தானுக்கும் அம்மாவுக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். அம்மாவுக்கு என் முத்தம்.

அம்மாவுக்கு ஒரு புதினம் சொல்ல வேண்டும். சாம்பல் புதன் அன்று மதியப் பூசைக்குப் போனேன். எல்லோரும் போன பிறகு கொஞ்ச நேரம் இருந்தேன். பீடத்துக்கு முன்னால் நிலத்தில் ஒரு வெளிச்ச வட்டம். தேத்தண்ணிக் கோப்பையின் தட்டளவு. யன்னல் வெளிச்சம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அது நகர்ந்தது! நான் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு தரை ஓட்டில் இருந்து அடுத்த ஓட்டுக்குப் போய்விட்டது. அண்ணாந்து பார்த்தால் கூரையில் ஆணி கழன்ற ஒரு ஓட்டை. நிலத்தில் கிடந்தது சூரியன்தான் அம்மா, முழுச் சூரியன்.

பங்குத்தந்தை பாதர் வின்சென்ட் வந்து பார்த்துவிட்டு என்னைவிடச் சந்தோசப்பட்டார். அவர் இத்தாலியில் படித்தவர். அங்கே போலோனா நகரத்துப் பெரிய கோயிலில் வேண்டுமென்றே கூரையில் ஓட்டை போட்டிருக்கிறார்களாம். நிலத்தில் தெற்கு வடக்காக ஒரு நீண்ட உலோகக் கோடு. ஒவ்வொரு நாளும் சூரியன் உச்சிக்கு வரும்போது வெளிச்ச வட்டம் அந்தக் கோட்டைக் கடக்கும். கோடையில் ஓட்டைக்குக் கிட்ட விழும். மாரியில் சூரியன் தாழ்ந்துவிடுவதால் தூரப் போய் விழும். ஏன் இந்தப் பாடெல்லாம் என்றால், உயிர்த்த ஞாயிறு எப்போது வரும் என்று அறியத்தான். பகலும் இரவும் சமமாகும் நாள் சரியாகத் தெரிந்தால்தான் பெருநாளைக் குறிக்கலாம். பழைய நாட்காட்டி பத்து நாள் பிசகிப் போயிருந்ததாம்.

நாங்களும் இங்கே ஒரு உச்சிக்கோடு போட்டுப் பார்ப்போமா என்று பாதரைக் கேட்டேன். கூரை திருத்தும் வரைக்கும் உன் விருப்பம் என்றார். நேற்றும் போனேன், முந்தாநாளும் போனேன்.

அக்கா, இது உங்களுக்கு. ஒப்பரேஷன் நல்லபடி நடக்கும், யோசிக்காதீர்கள். அம்மா வருவது எனக்குச் சந்தோசம்தான், கேட்க வேண்டுமா? ஆனால் ஏப்ரல் சரிவராது. ஒஃபீஸில் புது புராஜெக்ட், மூச்சு விட நேரமில்லை. ஜூன் கழியட்டும்.

அன்புத் தம்பி,
பிரகாஷ்


ஃபிரிஸ்கோ
27 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் நலம். கௌசிகாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் கடிதத்தை அம்மா ஒன்பது தரமாவது வாசிக்க வைத்திருப்பார். வந்தவர் போனவர் எல்லோருக்கும் "என்ரை மகன் கோயிலுக்குள்ளை சூரியனை இறக்கி வைச்சிருக்கிறான்" என்று சொல்லியாகிறது. அடுத்த வீட்டு ஜலஜா ஆன்ரி பாவம், இரண்டு தரம் கேட்டார். அம்மாவுக்கு உன்னிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: "மழை பெய்தா அந்த ஓட்டையாலை தண்ணி வராதோ? பாதர் ஏசமாட்டாரோ?" பதில் எழுது.

இனி உனக்கு.

தம்பி, ஜூன் வரைக்கும் பொறுக்க என்னால் ஏலாது. பகலில் ஒரு பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறேன். அவள் அம்மாவுக்குக் கையைக் காட்டிக் காட்டி ஆங்கிலம் பேசுகிறாள். அம்மா அவளுக்கு முன்னால் குளிக்க வெட்கப்பட்டு, குளிரென்று பொய் சொல்கிறார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் கட்டிலில் கிடந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெற்ற தாயை எழுப்பிவிடப் பெலனில்லாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. மே மாதம் நீயே வந்து கூட்டிக்கொண்டு போ. இல்லையென்றால் அத்தான் கொண்டுவந்து விடுவார்.

புராஜெக்ட் எல்லோருக்கும் இருக்கிறது. தாய் ஒருத்திதான்.

அன்புடன்,
அக்கா


சான்டா கிளாரா
22 ஜூன் 2025

அன்பான அக்காவுக்கு,

பிந்திப் பதில் போடுவதற்கு மன்னிக்க வேண்டும். நாங்கள் சுகம். உங்கள் உடம்பு தேறிவிட்டது என்று நம்புகிறேன். அம்மாவுக்குப் பதில்: இங்கே கோடையில் மழையே இல்லை, பாதர் ஏசவில்லை.

அம்மா, நேற்றும் முன்தினமும்தான் வருஷத்தின் பெரிய நாட்கள். சூரியன் ஏறக்கூடிய உச்சிக்கு ஏறிவிட்டது. கோட்டின் தொடக்கப் புள்ளியை வைத்துவிட்டேன். அதற்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். முதலில் ஃபோனில் உள்ள திசைகாட்டியை நம்பி நாடா ஒட்டினேன். ஊரில் திசைகாட்டியும் வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? இங்கே அது கிழக்கே நல்லாகச் சரிந்து நிற்குமாம். முழுக் கோடும் கோணல். உரித்துப் போட்டேன். பிறகு பாதர் பழைய முறையைச் சொல்லித் தந்தார். ஓட்டைக்கு நேர் கீழே ஒரு புள்ளி. அதை நடுவாக வைத்துக் கயிறு பிடித்து ஒரு வட்டம். காலையில் வெளிச்சம் அந்த வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு அடையாளம், அது பத்தரைக்கு. பிறகு காத்திருக்க வேண்டும். பிற்பகலில் மறுபக்கம் அதே வட்டத்தைத் தொட நாலு மணியாகப் போகும். இரண்டுக்கும் நடுவே பிடித்தால் அதுதான் உண்மையான வடக்கு. போன கிழமை திங்களில் இருந்து வெள்ளி வரைக்கும் ஒவ்வொரு நாளும் செய்து பார்த்தேன். ஐந்து நாளும் ஒரே இடம்! நாற்காலிகளை ஒதுக்குவதும் திரும்ப அடுக்குவதும் நான்தான்.

இன்னொரு விசயம். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்றவரைத் திருச்சபையார் ஒரு பக்கம் வீட்டுக் காவலில் வைத்தார்கள். மறுபக்கம் அதையே அளந்து பார்க்கத் தங்கள் கோயில் கூரையையே கொடுத்தார்கள். கோடையிலும் மாரியிலும் வட்டத்தின் அகலத்தை அளந்து, சூரியன் எப்போது கிட்ட, எப்போது தூர என்று கணித்தார்களாம். வெளிச்ச வட்டம் தெளிவாக விழ அவ்வளவு பெரிய இருட்டறை உலகத்தில் வேறெங்கும் இல்லை. பாதர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அக்கா, உங்களுக்கு. கோபிக்காதீர்கள். நான் நல்லாக யோசித்துத்தான் எழுதுகிறேன். நானும் கௌசிகாவும் காலையில் போனால் பின்னேரம்தான் வருகிறோம். வீட்டில் பகலில் ஒருவரும் இல்லை. அம்மா நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு தனிய இருக்க வேண்டும். அது பாவமில்லையா? அங்கே நீங்களாவது வீட்டில் இருக்கிறீர்கள். செப்டெம்பரில் வேலை இளகும். அப்போது பார்ப்போம்.

உங்கள் தம்பி,
பிரகாஷ்


ஃபிரிஸ்கோ
13 ஜூலை 2025

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

அம்மா செவ்வாய்க்கிழமை குளியலறையில் விழுந்துவிட்டார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. இடுப்பில் கண்டல். நான் அப்போது கிளினிக்கில் இருந்தேன், அந்தப் பெண் தொலைபேசியில் இருந்தாள்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பத்தரைக்கு ஒரு அடையாளம், நாலு மணிக்கு ஒரு அடையாளம் என்ற இடத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். திரும்ப வாசிக்கச் சொன்னார். அவருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் உரக்க வாசித்தேன். வாசித்து முடிய அம்மா கேட்டார்:

"திங்களிலை இருந்து வெள்ளி மட்டும் கோயிலுக்குள்ளை நிக்கிறவன் எப்ப வேலைக்குப் போறான்?"

நான் உனக்காகப் பொய் சொன்னேன். "இப்ப வீட்டிலை இருந்துதான் அம்மா வேலை. கம்ப்யூட்டரைக் கோயிலுக்கும் கொண்டு போகலாம்" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓம் ஓம், கொண்டு போகலாம்" என்றார். பிறகு உன் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். உனக்கு வேலை இருக்கிறதா இல்லையா? இல்லையென்றால் அதில் என்ன குறை? உன் ஊரில் தடுக்கி விழுந்தால் வேலை போன இஞ்சினியர் ஒருவர் மேல்தான் விழ வேண்டும் என்று அத்தான் சொல்கிறார். வேலையில்லாத மகன் தாய்க்கு ஒரு வாய் கஞ்சி கரைத்துக் கொடுக்கக் கூடாதா?

நேரே பதில் எழுது. சூரியனைப் பற்றி எழுதாதே.

அக்கா


சான்டா கிளாரா
28 செப்டெம்பர் 2025

அன்பான அக்காவுக்கு,

சுகம். உங்கள் எல்லோரது சுகத்துக்கும் மன்றாடுகிறேன். அம்மாவின் இடுப்பு நோ எப்படி? அம்மா விழுந்ததை அறிந்து நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

நீங்கள் அம்மாவுக்குச் சொன்னது சரிதான். இப்போது எல்லோரும் வீட்டில் இருந்துதான் வேலை. நேரம் முன்பின்னாக இருக்கும், அவ்வளவுதான். வீணாக ஒன்றுக்கு ஒன்பதாகக் கற்பனை பண்ண வேண்டாம்.

அம்மாவுக்கு ஒரு நல்ல செய்தி. போன திங்கள் பகலும் இரவும் சமம். வட்டம் கோட்டில் நான் அந்த நாளுக்குக் குறித்த இடத்தில் ஒரு மயிரிழை பிசகாமல் விழுந்தது. நாடாவுக்குப் பதிலாகப் பித்தளைக் கோடு பதிக்க வேண்டும், முனையில் அம்மாவின் பெயரையும் வெட்ட வேண்டும் என்று பாதரிடம் சொன்னேன். அவருக்குச் சம்மதம். பங்குச் சபைதான் இழுக்கிறது. யாராவது தடுக்கி விழுந்தால் கேஸ் போடுவார்களாம். போலோனாவில் நிலம் தாழ்ந்து கோடு பிசகியபோது திரும்பக் கிண்டி ஒழுங்காகப் பதித்தார்கள். இந்த ஊரில் காப்புறுதிக்காரனைக் கேட்காமல் ஒரு ஆணி அடிக்க முடியாது.

கிறிஸ்மஸுக்குக் கட்டாயம் வருவேன். அப்போது அம்மாவைப் பற்றி ஆறுதலாக இருந்து கதைப்போம். கௌசிகா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

அன்புத் தம்பி,
பிரகாஷ்


ஃபிரிஸ்கோ
9 நவம்பர் 2025

பிரகாஷுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நலம். மூன்று பேர் என்று எழுதிப் பழகிய கை, அடித்துவிட்டு எழுதுகிறேன். அம்மா போய்விட்டார்.

பயப்படாதே, சாகவில்லை. இளவாலைக்குப் போய்விட்டார். போன மாதம் இருபத்தேழாம் திகதி அத்தான் கூட்டிக்கொண்டு போய் சிஸ்டர்மாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். நாங்கள் அனுப்பவில்லை. அம்மாதான் கேட்டார். உன் செப்டெம்பர்க் கடிதத்தை வாசித்த அன்று பின்னேரம் என்னைக் கட்டிலில் இருக்கச் சொன்னார்.

"எனக்கு ரிக்கற் எடு பிள்ளை, நான் இளவாலைக்குப் போறன்."

"ஏனம்மா? கிறிஸ்மஸுக்குத் தம்பி வாறான்தானே?"

"அவனுக்கு வேலை போயிட்டுது. உனக்கும் சுகமில்லை. ஷாம்பூவாலை எண்டு சொன்னாய், ஷாம்பூவாலை ஆருக்கும் உப்பிடித் தலைமயிர் கொட்டுமோ? எனக்குக் காதுதான் கேக்காது, கண் தெரியும்."

"அப்ப ஏனம்மா ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவியள். அதையும் நான் நம்பின மாதிரி இருக்கோணும். எனக்கு இனி ஏலாது, பிள்ளை."

ஓம் தம்பி, சின்ன ஒப்பரேஷன் என்று எழுதினேன். அது மார்பில். புற்றுநோய். ஏப்ரலில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். கோடை தொடக்கம் ஒக்டோபர் வரைக்கும் மருந்து ஏற்றினார்கள். அம்மா விழுந்த அன்றும் அதற்குத்தான் போயிருந்தேன். போர்க்காலத்தில் இளவாலையில் இருந்து கொழும்புக்கு எழுதும்போது கெட்டதை எழுதக் கூடாது, படிக்கிற பிள்ளை ஏங்கிப்போகும் என்று அப்பா சொல்வார். வீட்டுக் கூரை போனபோதும் 'நாங்கள் நலம்' என்றுதான் உனக்கு எழுதினோம். குண்டு நின்று எத்தனை வருஷம், நாங்கள் இன்னும் அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் உன் பொய்யும் என் பொய்யும் ஒன்றல்ல. நான் அம்மாவை வைத்துக்கொண்டு பொய் சொன்னேன். நீ அம்மாவை வைத்திருக்காமல் இருக்கப் பொய் சொன்னாய். கௌசிகாவின் வேலையிடத்துக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். அவள் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். ஜனவரியில் இருந்து உனக்கு வேலையில்லை. பத்து மாதம்! நாள் முழுக்கச் சும்மா இருந்த மனிதன், தாயைப் பார்க்க நேரமில்லை என்று எழுதினாய். பகலில் வீட்டில் ஒருவரும் இல்லை என்று எழுதினாய். நீதானேடா இருந்தாய்? நீதான் இருந்தாய்.

போகும் முதல் நாள் உனக்கு அறிவிக்கவா என்று கேட்டேன். "அறிவிக்காதை. லீவு எடுத்து வாறன் எண்டு எழுதுவான். பாவம், ஆரிட்டை லீவு கேப்பான்?" என்றார். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் இருந்து கையைக் காட்டினார். அழவில்லை. மருந்து உடம்பில் இருக்கும்போது கூட்டத்துக்குள் நிற்கக் கூடாதென்று நான் காரில் இருந்து பார்த்தேன்.

அக்கா


சான்டா கிளாரா
15 நவம்பர் 2025

அக்காவுக்கு,

எப்படிச் சுகம் கேட்பது என்று தெரியவில்லை. உங்களுக்கு இவ்வளவு பெரிய வருத்தம், எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. நீங்களும் என்னை ஆளாக மதிக்கவில்லைத்தானே? புற்றுநோய் என்று எழுதியிருந்தால் நான் வராமல் இருந்திருப்பேனா?

சரி, என்னை ஏசுங்கள், நான் ஏச்சுக்கு ஏற்றவன்தான். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். அம்மா இங்கே வந்தால் காலையில் நான் சேர்ட் போட்டுக்கொண்டு எங்கே போவது? முதல் மாதம் கோப்பிக் கடைகளில் இருந்தேன். அடுத்த ஊர் குபெர்டினோ வரைக்கும் தெரிந்த முகங்கள். கோயிலில்தான் ஒருவரும் ஏன் இருக்கிறாய் என்று கேட்கவில்லை. ஊர் முழுக்க என் மகன் பெரிய இஞ்சினியர் என்று சொல்லித் திரிந்த தாய் அக்கா அது. அவவுக்கு முன்னால் பகல் பதினொரு மணிக்குச் சாரத்தோடு சோஃபாவில் இருக்க என்னால் முடியாது.

நான் போய்க் கூட்டிவருகிறேன். சத்தியமாக. டிசம்பர் இருபத்தொன்றுதான் கோட்டின் கடைசிப் புள்ளி. வட்டம் பீடத்துப் படிக்கு ஏறும் நாள். அதையும் வைத்துவிட்டால் ஒரு வருஷத்து வேலை முழுமையாகும். பாதருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஜனவரி முதல் கிழமை புறப்படுவேன்.

தம்பி


ஃபிரிஸ்கோ
23 நவம்பர் 2025

பிரகாஷுக்கு,

சுகம்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நீ கண் நல்லாக இருக்கும்போதே அதைத்தான் செய்கிறாய்.

ஜனவரி என்ன ஜனவரி? இப்போதே போ. சூரியன் அடுத்த வருஷமும் அந்தப் படிக்கு வரும். அது பாதருக்கும் தெரியும், அவர் உன்னைப் பிடித்து வைக்கமாட்டார். சிஸ்டர் சொல்கிறார், அம்மா சாப்பாட்டு மண்டபத்துக்கு வருவதில்லையாம். யாரும் கதைத்தால் கேட்காத மாதிரி இருக்கிறாராம். கேட்காத மாதிரி இல்லை, அவருக்குக் கேட்காதுதான் என்று நான் சொன்ன பிறகுதான் அவர்களுக்கே விளங்கியது. அவர் காதுக்குள் வாசிக்கக்கூட அங்கே ஒருவரும் இல்லை.

போ தம்பி. இனி எனக்கு வேறொன்றும் எழுதத் தெரியவில்லை.

அக்கா


சான்டா கிளாரா
28 டிசம்பர் 2025

அன்பான அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பாலன் பிறப்பின் வாழ்த்துகள். உங்கள் கடைசிப் பரிசோதனை நல்லபடி வந்ததென்று அத்தான் செய்தி அனுப்பினார். ஆண்டவருக்கு நன்றி.

இருபத்தொன்றாம் திகதி இங்கே மழை. இருபதும் மழை, இருபத்திரண்டும் மழை. கோயிலில் வாளி வைத்தார்கள். கிறிஸ்மஸுக்கு முன்னம் கூரைக்காரர் வந்து ஓட்டையை அடைத்துவிட்டார்கள். பங்குச் சபை நாடாவையும் உரித்துவிட்டது.

அக்கா, எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நிசமாக. சின்னக் கொம்பனி, முந்திய சம்பளம் இல்லை, ஆனால் வேலை. ஜனவரி ஐந்தாம் திகதி தொடக்கம். புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் ஆறு மாதம் லீவு இல்லையாம். நான் கெஞ்சிக் கேட்டேன். ஜனவரியில் ஒரு கிழமை விடுங்கள், தாயைப் பார்க்க வேண்டும் என்றேன். அப்படியென்றால் வரிசையில் வேறு ஆள் நிற்கிறான் என்றார்கள். கௌசிகா ஒரு வருஷமாகத் தனிய வீட்டை இழுக்கிறாள். விட்டுவிட்டுப் போ என்று அவளும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு இளவாலை விலாசத்துக்குத் தனியே எழுதியிருக்கிறேன். வேலை கிடைத்ததையும், ஜூலையில் வருவதையும், அதுவரைக்கும் வரமுடியாததையும் எழுதினேன். இந்த முறை ஒரு சொல்லும் பொய்யில்லை. சிஸ்டரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

தம்பி,
பிரகாஷ்


ஃபிரிஸ்கோ
25 ஜனவரி 2026

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். எனக்குத் தலைமயிர் முளைக்கத் தொடங்கிவிட்டது, கறுப்பாகத்தான் வருகிறது. கௌசிகாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். புது வேலையில் நீயும் கவனம்.

நேற்று இளவாலைக்கு ஃபோன் எடுத்தேன். உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் போய்ச் சேர்ந்ததாம். சிஸ்டர் அம்மாவின் காதுக்குக் கிட்ட இருந்து, சொல் சொல்லாக வாசித்தாராம். வேலை கிடைத்தது என்று நீ எழுதிய இடத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்தாராம். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "பாவம், இப்பவும் அப்பிடித்தான் எழுதுறான்" என்று சொன்னாராம்.

சிஸ்டருக்கு விளங்கவில்லை. என்னைக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், வேலை உண்மை என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். அவர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அம்மா சிரித்தாராம். "என்ரை மகளும் அவனுக்காகச் சொல்லுவாள், சிஸ்டர். அவள் நல்ல பிள்ளை" என்றாராம்.

இன்னும் ஒன்று. அம்மா செவ்வாய்க்கிழமைகளில் சாப்பிடுவதில்லையாம். தண்ணி மட்டும். டொக்டர் வேண்டாமென்று சொல்லியும் கேட்பதில்லை. ஏனென்று கேட்டால் அந்தோனியாருக்கு நேர்த்தியாம், உனக்கு வேலை கிடைக்கும் வரைக்கும்.

நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், அத்தானும் சொல்லிப் பார்த்துவிட்டார். சாப்பிடச் சொல்லி நீ ஒரு தரம் எழுது. அம்மா நம்பும்படி என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
அக்கா நேசமலர்